ஹாரன்

அனல்மின் நிலையத்தின் சுடுநீர் கடலில் விழும் இடத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக நின்றன. இங்கே பறவைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று, ஆய்வுக்கு வந்திருக்கும் எஸ்தர் எழுதிக் கொடுத்தால்தான் நிலையத்துக்கு இன்னொரு புகைபோக்கி எழும்பும். ஜீப்பின் பின்சீட்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தவளுக்கு என்னவோ உறுத்தியது. ஒன்றுகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜீப்பையே பார்த்தன.

"ஏன் சார், இதுங்க மீன் பிடிக்காதா?"

"வயிறு நெறஞ்சிருக்கும் மேடம்," என்றார் நிலையத்து அதிகாரி குணாளன். "கிட்ட போனா பறந்துடும். இங்கேருந்தே எண்ணிக்குங்க."

டிரைவரின் கை பழக்கத்தில் ஹாரன் பக்கம் போனது. குணாளன் ஒரு பார்வை பார்த்தார். கை சட்டென்று மடிக்குத் திரும்பியது.

எஸ்தர் பைனாகுலரை இறக்கினாள். ஏதோ கேட்கப் போகிறவள் போல முன்னால் சாய்ந்து, டிரைவரின் தோளுக்கு மேலாக எட்டி, தானே ஹாரனை அழுத்தினாள்.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. விலகிப் பறக்கவில்லை. ஜீப்பைச் சுற்றி இறங்கி, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, தொண்டைப் பை தொங்க அலகைத் திறந்தபடி நின்றன.

"கண்ணாடிய ஏத்துங்க மேடம்," என்றார் குணாளன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஏற்றினாள். பொறுமையிழந்த ஓர் அலகு அதைத் தட்டத் தொடங்கியது.