உள்ளே ஒருவர்

எண்ணூர் நிலக்கரிக் கிடங்கில் கம்ப்யூட்டர் 'உள்ளே: 0' என்று காட்டிய பிறகுதான் மாலையில் கேட்டைப் பூட்ட வேண்டும். பார்த்துச் சொல்வது கரோலினின் வேலை.

2003 மார்ச்சில் அங்கே வேலை செய்த ஜெயவேல் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் சிக்கி இறந்தான். அப்படி ஒருவன் இங்கே வேலை செய்யவே இல்லை என்று கம்பெனி விசாரணையில் சொன்னது. கம்ப்யூட்டர் பட்டியலில் அவன் பெயர் இருந்த வரி யார் கண்ணிலும் படாதபடி, அதைப் பார்க்கும் அனுமதியை மாற்றியவள் கரோலின்தான்.

அன்றிலிருந்து மாலையில் 'உள்ளே: 1' என்று வந்தது. பட்டியலில் பெயரே இல்லை.

"வரியத்தான் மறைச்சோம். மொத்தம் அதையும் சேத்துக்குது. கேட்ல அவன் கார்டு உள்ள போச்சுன்னு பதிவாச்சு, வெளிய வந்ததா பதிவாவல, அவ்ளோதான். ஒண்ண சைபர்னு நெனச்சிக்கினு பூட்டு," என்றார் கம்ப்யூட்டர் பார்க்கும் ஹென்றி.

பகலில் பட்டியலில் இருபத்திரண்டு பெயர், மொத்தம் இருபத்து மூன்று. மதியம் ஒரு மணிக்கு மட்டும் மொத்தமும் இருபத்திரண்டாகும். அரை மணி கழித்து மறுபடி ஒன்று கூடும்.

ஒரு நாள் அந்த நேரத்தில் கரோலின் கேட்டுக்குப் போனாள். வெளியே ஜெயவேலின் மனைவி தாயம்மா, திறந்த தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, இன்னாத்துக்கு தெனமும் வர்றே? அப்டி ஒருத்தரு இங்க வேலையே செய்யலன்னுதான ரெக்கார்டுல கீது."

தாயம்மா கோபப்படவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள்.

"நீ உள்ள போம்மா. உன்னப் பாத்தா அவருக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."