குறையில்லை

குரு விதித்த உபவாசத்தில் சுருண்டு விழுந்த மாணவி, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து இன்றோடு பத்தொன்பது நாள். கோவில் கமிட்டி அறையில் அவளுடைய தாய் பதினான்கு மாத அறிக்கைகளைப் புரட்டுகிறாள். ‘வகுப்பைப் பார்த்தேன், குறையில்லை’ என்று எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து. அதைப் போட்டவள், கோவிலில் குரு நடத்தும் வகுப்பை மாதாமாதம் பார்வையிடக் கமிட்டி அமர்த்திய பள்ளி ஆசிரியை. எதிரே உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. “குருவைச் சந்தேகப்படக் கூடாதும்மா,” என்கிறார் கமிட்டித் தலைவர். “நீங்க சும்மா இருங்கய்யா,” என்று தாய் ஆசிரியை பக்கம் திரும்புகிறாள். “பதினாலு தடவை குறையில்லையா? ஜோசியக்காரன்கூட இவ்வளவு துணிஞ்சு எழுதமாட்டான். எம்பொண்ணு எலும்பும் தோலுமா உக்காந்திருந்தது உங்க கண்ணுல படலையாக்கா?” ஆசிரியை இன்னும் துடைக்கிறாள். துடைக்கக் கண்ணாடியில் ஒன்றுமில்லை. “நான் உள்ளயே போனதில்லம்மா. சாமியைப் போய்ச் சோதிக்கறதான்னு, வாசல்லயே கும்பிட்டுட்டுத் திரும்பிடுவேன்.”