எந்தப் பிறைக்கு வந்தாய்?

பாலைவனத்துக் கிணற்றடியில் இரண்டு ஒட்டகங்கள் சந்தித்தன. உப்பளத்து ஊரிலிருந்து வந்த மர்ஜானாவுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தின்றது செரிக்காது.

"லாத்தா, இந்த உப்பு எங்கே வாங்குனீங்க?" என்றது, தோப்பூரிலிருந்து வந்த அக்கா ஒட்டகத்தின் மூட்டையை நக்கிவிட்டு.

"லாரிக்காரன்கிட்ட வாங்கினது, புள்ள."

சந்தேகமே இல்லை, மர்ஜானாவின் ஊர் உப்புதான். லாரி ஏறி, துறைமுகம் போய், பளபளவென்று புதுப்பை போட்டுக்கொண்டு வந்திருந்தது. மர்ஜானா தின்னும் தோப்பூர்ப் பேரீச்சம்பழமும் அதே லாரியில்தான் வந்தது.

"நடுவுல ஒரே ஒரு மணல்மேடு. நாமளே சுமந்து மாத்திக்கிட்டா என்ன லாத்தா?"

"அட ஆமா! நாம ஒரே உம்மத்து, ஒரே மார்க்கத்து ஆளுங்க ஆச்சே!" லாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த பிறை தெரிந்த மறுநாள் காலையில் சரக்கோடு வருவதென்று முடிவானது.

செவ்வாயன்று மர்ஜானா உப்போடு வந்து, பொழுது சாயும்வரை நின்றது. புதன்கிழமையும் வந்தது. அன்றுதான் லாத்தா பழத்தோடு வந்தது.

"நேத்தே வரலையே?"

"எங்க ஊர்ல நேத்து அந்தி, மக்ரிபுத் தொழுகைக்குத்தான் பிறை தெரிஞ்சுச்சு. ஒரு நாள் முந்தி நீ என்னத்தப் பார்த்தியோ!"

"அப்ப எங்க ஊர்க் கண்ணு பொய்யா?"

வெயில் உச்சிக்கு ஏறியும் பேச்சு ஓயவில்லை. இரண்டு மூட்டைகளும் முதுகிலேயே இருந்தன. அப்போது லாரி வந்து நின்றது.

மர்ஜானாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ எந்தப் பிறைக்கு வந்தே?"

"நான் நேத்தும் வந்தேன், இன்னிக்கும் வந்திருக்கேன்" என்றது லாரி. "எவ்வளவு நேரம்தான் சுமந்துக்கிட்டு நிப்பீங்க? ரெண்டு பேரும் மூட்டையை ஏத்துங்க."