கம்பி கட்டிய வாய்

கட்டுமரம் கவிழ்ந்தபோது பாய்க்கழி அடித்துப் பச்சமுத்துவின் தாடை உடைந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் அவனுடைய மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டார்கள். கூடப் போன தம்பி பக்கிரி கரைக்குத் திரும்பவில்லை.

“அவருகிட்ட சொல்லிடாதீங்க நர்ஸம்மா. அழுது வாந்தி வந்தா மூச்சு அடைச்சிடும்னு டாக்டர் சொன்னாரு,” என்றாள் மனைவி அமராவதி.

நர்ஸ் சௌந்தரம் சொல்லவில்லை. ஆனாலும் மத்தியானக் கஞ்சி ஒத்துக்கொள்ளாமல் அவன் குமட்டும் சத்தம் கேட்டது. கம்பி வெட்டும் குறட்டோடு ஓடினாள். அதற்குள் கம்பியெல்லாம், வலையில் சிக்கெடுத்ததுபோலப் பக்குவமாகப் பிரிந்து தலையணையில் கிடந்தது. வாயைக்கூட யாரோ துடைத்துவிட்டிருந்தார்கள்.

“யாருப்பா அவுத்தது?”

“பக்கிரிதான்,” என்று குழறினான் பச்சமுத்து. “இத்தினி நாளு எங்கடா ஊர் சுத்தினேன்னு கேட்டா சிரிக்கிறான். வெராண்டாவுலதான் நிக்கிறான். தொப்பலா நனைஞ்சிருக்கான் நர்ஸம்மா, ஒரு டீ குடுங்க. சக்கரை ஜாஸ்தியா.”

வெராண்டாவில் யாருமில்லை. சௌந்தரம் பாடலீசுவரரை நினைத்துக்கொண்டு, சூடான டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தாள்.

பின்னால் யாரோ ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம் கேட்டது. குடிக்கிறவருக்குக் கூச்சமாக இருக்குமென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.