முதல் தண்ணீரில் ஒரு வெள்ளி

பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிய நேரம் பார்த்துப் பேரரசரின் ஆட்கள் வந்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை. பெற்று ஒரு பகல்கூட ஆகாத உடம்பு. கலகக்காரன் வீடென்று மருத்துவச்சிகூட எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் போகட்டும்.

மரத்தொட்டியின் அடியில் வெள்ளிக்காசு கிடந்தது. பேரரசரை எதிர்த்துத் தோற்ற ஹங்கேரி இளவரசரின் காசு. செம்பில் அடித்தது ஊரெல்லாம் உண்டு. வெள்ளியில் அடித்தது அபூர்வம். எல்லாவற்றையும் பறித்து உருக்கிவிடச் சொல்லி உத்தரவு.

இளவரசருக்காகச் சண்டைக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. காசு மட்டும் வந்து சேர்ந்தது. பிள்ளைக்கு அப்பன் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

அதைக் கொடுப்பதா? செத்தாலும் மாட்டாள்.

அதிகாரி குதிரையைவிட்டு இறங்காமல் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே வந்தவன் காஷ்பார். பக்கத்து ஊர்க்காரன். அவள் கல்யாணத்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு விடிய விடிய ஆடியவன். இப்போது பேரரசரின் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் காசு பொறுக்குகிறான். நல்ல பிழைப்பு.

தொட்டிக்குள் பார்த்தான். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தான்.

"எடுத்துக்கோ," என்றாள்.

அவன் கை தண்ணீருக்கு மேலேயே நின்றுவிட்டது.

அவனும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே, வழக்கம் தெரியாதா? முதல் குளியலில் போட்ட காசை எவன் எடுக்கிறானோ, அவன்தான் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். மாதா கோயிலில் பிள்ளையை ஏந்தி நிற்க வேண்டும். அது ஆளாகும்வரை அப்பன் இடத்தில் இருந்து காக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை பாதிரியார் கேப்பாரு, ஞானத்தகப்பன் யாருன்னு. உன் பேரைத்தான் சொல்லுவேன், காஷ்பார். உங்க அதிகாரி காதுல விழுற மாதிரி சொல்லுவேன்."

அவன் முகம் வெளுத்தது. அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

"என்னடா, இருக்கா இல்லையா?" வாசலிலிருந்து அதட்டல்.

பிள்ளை காலை உதைத்தது. தண்ணீர் அவன் மீசையில் தெறித்தது.

துடைத்துக்கொள்ளவில்லை. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பனின் அதே மூக்கு.

பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"ஒண்ணுமில்லைங்க."

அவள் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ. பிள்ளைக்குக் குளிருது."

அவன் சாத்தினான். சத்தம் வராமல், இரண்டு கையாலும் பிடித்துச் சாத்தினான்.