ஐந்தாவது இறால்

டாக்குரியா ஸ்டேஷனை விட்டு லோக்கல் ரயில் கிளம்பும் அதிர்வில், மாதங்கி மேசைமேல் இறால் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி லேசாக நடுங்குகிறது. பாசிக்கு அடியில் நகத்தளவு சிவப்பு இறால் ஒன்று செத்து மல்லாந்து கிடக்கிறது. இந்த வாரத்தில் இது ஐந்தாவது. வயிற்றில் முட்டை சுமந்திருந்ததும் இது ஒன்றுதான். ஆபீஸிலிருந்து வந்த மாதங்கி பையைக்கூட இறக்காமல் திரைச்சீலையை முகர்கிறாள், அறைத்தோழி பூங்கோதையின் போர்வையை முகர்கிறாள்.

"டெங்குக்குப் பயந்து கொசு மருந்து அடிச்சியா? உண்மையச் சொல்லுடி."

"இறாலுக்கு ஆகாதுன்னு நீ சொன்ன அன்னிக்கே டப்பாவக் கீழ்வீட்டு பெங்காலி மாஷிமாகிட்ட குடுத்துட்டேன். என் கையப் பாரு."

பூங்கோதையின் கையெல்லாம் சிவந்த தடிப்புகள். சொறிந்துகொண்டே இருக்கிறாள். மாதங்கி நம்பவில்லை, அவள் கண் கட்டிலுக்கு அடியில் அந்த டப்பாவைத் தேடுகிறது. பக்கத்து வீட்டில் சாயங்காலச் சங்கு ஊதுகிறார்கள். செத்ததை எடுத்துவிடலாம் என்று, தினமும் செய்வதுபோல, மாதங்கி கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விடுகிறாள். ஆபீஸ் வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது தடவிக்கொண்ட கொசுக் களிம்பு, அவள் கையைச் சுற்றித் தண்ணீரின்மேல் எண்ணெய் வளையமாக விரிகிறது. பூங்கோதை சொறிவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். மாதங்கியின் கையில் ஒரு கடிகூட இல்லை.