முட்டாள் கேள்விகளின் சொந்தக்காரர்

புரியாத ஒன்றுக்குப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு நீங்கள் கடைசியாக வீடு திரும்பியது எப்போது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

பிரிஸ்பேனில் செவிலியர் பட்டத்துக்குப் படிக்கும் ஜார்ஜினாவுக்கு அது அன்றாட வழக்கம். சுரங்கங்களில் பாறைகளை ஆராய்ந்து பத்தாண்டுகள் சம்பாதித்தவள் அவள். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கென்று மூன்றாண்டுப் பாடத்தை இரண்டாண்டில் திணித்துத் தரும் வகுப்பு அது. பாறைக்கு நாடியும் இல்லை, நோயும் இல்லை என்பது அங்கே சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

செய்முறைக் கூடத்தில் முதல்முறை பொம்மை நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி சீராக இருப்பதாக உறுதியோடு அறிவித்தாள். பொம்மைக்கு இன்னும் மின்சாரமே கொடுக்கவில்லை என்றார் பயிற்றுநர். கட்டைவிரலால் அழுத்தியதால் அவள் எண்ணியது தன்னுடைய நாடியைத்தான்.

அன்று முதல் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மற்ற எல்லோரும் மருந்தியலும் உயிர்வேதியியலும் கரைத்துக் குடித்தவர்கள். தான் ஒருத்திதான் தப்பித் தவறி உள்ளே வந்துவிட்டவள் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், பக்கத்து இருக்கை செமிசி. டோங்கா தீவுக்காரர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, பூப்போட்ட சட்டை. கேள்வி என்று வந்துவிட்டால் அவருக்கு வெட்கமே கிடையாது.

“படத்துல இதயத்தோட வலது பக்கம் எதுக்கு நம்ம இடது கைப் பக்கம் இருக்கு?” என்று ஒருநாள் கேட்டார்.

பின்வரிசையில் உயிர்வேதியியல் பட்டதாரி டக்ளஸ், “அடுத்து மூக்கு எங்க இருக்குன்னு கேப்பாரு பாரு” என்று முணுமுணுத்தான். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் ஜார்ஜினா.

படம் நோயாளி நம்மைப் பார்த்து நிற்பதுபோல் வரையப்பட்டது, அவருடைய வலதே வலது என்று பயிற்றுநர் விளக்கினார். சிரித்த வாயை மூடாமலே ஜார்ஜினா தன் ஏட்டில் வரைந்திருந்த இதயத்தை அழிக்கத் தொடங்கினாள். அதில் இரத்தம் அதுவரை தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்படியே வாரந்தோறும் செமிசி கேட்டார், வகுப்பு சிரித்தது, ஜார்ஜினா சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

ஆனாலும் பயம் தெளியவில்லை. நாளை பொம்மைக்குப் பதில் உயிருள்ள மனிதர் படுத்திருந்தால்? கட்டிய பணம் நட்டமாகாமல் வேறு படிப்புக்கு மாறுவதற்கான கடைசி நாளன்று, மதிய இடைவேளையில், பாடத்திட்டப் பொறுப்பாளர் மெரடித்தின் அறைக்குப் போனாள்.

என்ன காரணம் என்று மெரடித் கேட்டார். ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்று சொல்ல ஜார்ஜினாவுக்கு நா எழவில்லை. தன்மானம் வேறொரு காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

“செமிசி மாதிரி ஆளுங்கள வெச்சுக்கிட்டு வகுப்பு எப்படி நகரும்? சின்னப் பிள்ளைங்க கேக்குற கேள்விக்கெல்லாம் பாடம் நின்னு போகுது.”

மெரடித் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நானும் அதையேதான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊர்ல அவர் உயிரியல் வாத்தியார், தெரியுமா? அந்த இதயத்தைக் கண்ணை மூடிக்கிட்டே வரைவாரு.”

“அப்புறம் எதுக்குக் கேக்குறாரு?”

“அவங்க சர்ச் பாட்டுக்குழுவுல ஒரு பழக்கமாம். பக்கத்துல இருக்குறவங்க சுரத்தைப் பிடிக்க முடியாமத் திணறுனா, நல்லாப் பாடத் தெரிஞ்சவன் வேணும்னே சத்தமாத் தப்பாப் பாடுவானாம். குழுத்தலைவர் அவனைத் திட்டிட்டு, எல்லாரையும் முதல்லேர்ந்து பாட வைப்பாராம். திணறுனது யாருன்னு கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாது.”

ஜார்ஜினாவுக்குக் காது சூடேறியது.

“‘பக்கத்துல பேனா எழுதாம நிக்கும்போது நான் கையைத் தூக்குறேன், அவ்ளோதான்’னாரு. யாரோட பேனான்னு கேட்டேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன்னுட்டாரு, மனுஷன்.” மெரடித் மாறுதல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சரி, காரணம்னு என்ன எழுதட்டும்? செமிசின்னே எழுதிடவா?”

ஜார்ஜினா எழுந்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, இப்போதைக்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வெளியேறினாள்.

மாலை வகுப்பில் சிறுநீரகம். உப்பு ஒரு பக்கம் போக, நீர் அதன் பின்னால் போக, ஜார்ஜினாவின் பேனா நடுவழியில் நின்றுவிட்டது. பக்கத்தில் அந்தப் பெரிய கை மெல்ல உயரத் தொடங்கியது.

அவள் அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். தன் கையைத் தூக்கினாள்.

“எனக்குப் புரியல. முதல்லேர்ந்து சொல்றீங்களா?”

செமிசி ஒன்றும் அறியாதவர்போல் கூரையைப் பார்த்தார். சிரிப்பு எழும் என்று ஜார்ஜினா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பின்வரிசையிலிருந்து டக்ளஸின் குரல்தான் வந்தது.

“அப்பாடா, கேட்டுட்டியா. எனக்குப் போன மாசத்துலேர்ந்தே புரியல.”

அன்பர்களே, நீங்கள் சிரிக்கும் முட்டாள் ஒருவேளை உங்களுக்காகவே முட்டாளாகியிருக்கலாம். நாளைக்கென்று ஒத்திப்போடாதீர்கள். இன்றே, அடுத்து அமரப்போகும் வகுப்பிலோ கூட்டத்திலோ, அவர் கையைக் கீழே இறக்கி, உங்கள் கையை உயர்த்துங்கள்.